கூர் வராத கல்

எந்தக் கல்லில் கூர் வராது என்று கடையில் எப்படிக் கேட்பது? கால்மணி நேரமாக இதைத்தான் யோசித்துக்கொண்டு நிற்கிறேன். மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கிற இந்த இரும்புக்கடையில் காலை பதினொரு மணிக்கே ட்யூப்லைட் எரிகிறது, மேலே மின்விசிறி போனால் போகிறதென்று சுற்றுகிறது, தேங்காய்நார்க் கயிறும் கிரீசும் புது பிளாஸ்டிக் வாளியும் கலந்த ஒரு வாசனை. எனக்குப் பிடித்த வாசனைதான். ஈரோட்டுக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தியோரு வருஷம் குழாய் ஃபிட்டராக இருந்தவனுக்கு இரும்புக்கடை என்றால் மாமனார் வீடு மாதிரி, போனால் யாராவது உட்காரச் சொல்வார்கள். இன்றைக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். மேஜைமேல் மூன்று சாணைக்கற்களை வரிசையாக வைத்துவிட்டுக் கடைக்கார அம்மிணி வேறு யாருக்கோ ஆணி நிறுத்துப் போடப் போய்விட்டாள். நாற்பது வயதிருக்கும், கொண்டையில் பென்சில் செருகியிருக்கிறாள். முதல் கல் கறுப்பு, இரண்டு முனையும் கூம்பி ஓடம் போல இருக்கிறது, அறுபது ரூபாய், அரிவாள் தீட்டுகிறவர்கள் வாங்குவது. இரண்டாவது செங்கல் கணக்காகச் சப்பட்டை, ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் காவி, இருநூற்று எண்பது. மூன்றாவது வெள்ளை, மூங்கில் பலகைமேல் சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, ஆயிரத்து நானூறு. வெள்ளைக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை, பால் ஏட்டைத் தொட்ட மாதிரி. தொட்டால் ஒன்றும் தெரியாத கல்தான் ஆபத்தான கல் என்று என் விரலுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மைதிலி காத்திருக்கிறாள். என் ஒரே மகள், இருபத்தாறு வயது, போர்வைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். காலையில் அவள் அம்மா பூங்கொடி வேலைக்குக் கிளம்பிப் போனதும் சமையலறை வாசலில் வந்து நின்று, "அப்பா, இன்னைக்கு நீங்க போயி ஒரு சாணைக்கல் வாங்கிட்டு வரோணும். ரொம்ப வெலைல வேண்டாம், நானூறுக்குள்ள பாருங்க, ஆனா நல்லதா இருக்கோணும்," என்றாள். எதற்குக் கண்ணு என்று நான் கேட்கவில்லை. என் இடது ஆள்காட்டி விரலில் வெள்ளைக் கட்டு இருக்கிறது, கேட்டால் அதைத்தான் காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை அரசாணிக்காய், அதுதான் மற்ற ஊரில் பரங்கிக்காய், வெட்டப் போனேன், பொரியலுக்கு. அரசாணிக்காய்க்குத் தோல் என்று பேர்தான், தொட்டால் தார்ரோடு மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டுக் கத்தியோ வெண்ணெயைக்கூட யோசித்துத்தான் வெட்டும். அமுக்கினேன், இன்னும் அமுக்கினேன், காய் நகர்ந்துகொண்டது, கத்தி வழுக்கி வந்து விரலில் உட்கார்ந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு என் விரலைப் பற்றி நினைப்பே வரவில்லை, இவள் பார்க்கக் கூடாது, இவள் பார்க்கக் கூடாது என்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன், லுங்கியெல்லாம் ரத்தம். அவள் வந்து பார்த்தாள். ஒரு நொடிதான் நின்றாள். பிறகு துண்டை எடுத்து இறுக்கிச் சுற்றி, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஸ்கூட்டரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்று தையல் போட வைத்துக் கூட்டி வந்தாள். வழியெல்லாம் நான் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன், ஓட்டுக் கேட்டுப் போகிற வேட்பாளர் மாதிரி. அவள் கை ஹேண்டில்பாரில் நடுங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டே வந்தேன். நடுங்கவில்லை.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பதினான்கு மாதமாக என் உத்தியோகம். போன வருஷம் சித்திரையில் ஒரு பகல். வெயில் அப்படி. ஹாலில் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, டிவியில் கிரிக்கெட், பூங்கொடி வேலைக்குப் போயிருந்தாள். முப்பத்தியோரு வருஷம் காதால் பிழைத்தவன் நான். ரோட்டுக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்போம். பஸ் போகும், ஆடு கத்தும், டீக்கடையில் பாட்டுப் பாடும், அத்தனைக்கும் அடியில், ஐந்தடி ஆழத்தில், ஸ்ஸ் என்று ஒரு மெல்லிய சத்தம் இருக்கும். அது எனக்குக் கேட்கும். என்னோடு வேலை பார்த்தவர்கள், இந்த மனுசனுக்குப் பூமாதேவி ரகசியம் சொல்றாளப்பா என்று கேலி செய்வார்கள். அந்தக் காதுக்கு, பத்தடி தள்ளி, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தது கேட்கவில்லை. ஓவர் முடிந்து விளம்பரம் போட்டான், தாகமாக இருந்தது, தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். தாகம் எடுத்ததால் போனேன், அவ்வளவுதான். போனதால் பார்த்தேன், பார்த்ததால் இன்றைக்கு அவள் சாணைக்கல் கேட்கிறாள். அந்த ஓவரில் இன்னும் இரண்டு பந்து இருந்திருந்தால்? நான் அதற்கு முந்தின ஓவரிலேயே ஒரு சொம்பு குடித்திருந்தால்? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைப்பு நூல் சிக்கின மாதிரி நின்றுவிடுகிறது, பிய்க்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஏன் அப்படிச் செய்தாள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள், கல்யாணம் தள்ளிப்போவது, வேலை, செல்போன், கிரகம். காரணத்தைத் தேடாதீங்க, கூட இருங்க என்றார் டாக்டர். கூர்மையான சாமான் எதையும் ஒரு மூணு மாசத்துக்குக் கைக்கெட்டாம வெச்சுக்குங்க என்றார். மாத்திரை, வாரா வாரம் பேச்சு, அப்புறம் மாதா மாதம். கொஞ்சம் கொஞ்சமாக அவள் திரும்பி வந்தாள். முதலில் பசி வந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு ஒருநாள் அம்மாவோடு புடவைக் கலருக்குச் சண்டை போட்டாள், நான் பின்கட்டில் போய் நின்று அழுதேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், "இனி அவங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, நீங்கதான் கொஞ்சம் தூங்கோணும்."

மூன்று மாதம் என்று அவர் சொன்னதை நான் மூன்றோடு நிறுத்தவில்லை. நிறுத்துவது எந்த நாள் என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டாமா? அரிவாள்மனை அன்றைக்கே பூங்கொடியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. பிளேடு கிடையாது, நான் சலூனில்தான் சவரம் செய்துகொள்கிறேன். ஆனால் வீடு என்றால் கத்தி இல்லாமல் எப்படி? கத்தியே இல்லாவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், நாம் பயப்படுகிறோம் என்று தெரிந்துவிடும். அதனால் கத்தி இருக்க வேண்டும், வெட்டக் கூடாது. அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்குக் கம்பெனி மீட்டிங், பத்தரை வரைக்கும் அறைக்கதவு சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவேன். துவைக்கிற கல்மேல் கத்தியைக் கூர் கீழே இருக்கும்படி நிறுத்தி, கல்லையே அறுக்கிறவன் மாதிரி இழுப்பேன். கர் கர் என்று பத்து இழுப்பு, பிறகு விரலில் தொட்டுப் பார்ப்பேன், பிறகு இன்னும் பத்து. ஊர் உலகத்தில் எல்லோரும் கல்லில் கத்தியைத் தேய்த்தால் கூர் ஏறும், நான் தேய்த்தால் இறங்கும். அது முடிந்து கழுவி மாட்டிவைத்த பிறகு அன்றைக்கு முழுக்க ஒரு நிம்மதி இருக்கும். எங்கள் வீட்டில் தக்காளி நசுங்கித்தான் குழம்புக்குப் போகும். வெங்காயத்தைப் பிய்த்துப் போடுவோம், முருங்கைக்காயை ஒடிப்போம். பூங்கொடி ஒருநாள், "இந்தக் கத்தியக் கட்டிக்கிட்டு அழுவறதுக்குப் பல்லுலயே கடிச்சுப் போட்டர்லாம்," என்றாள். என் முகத்தைப் பார்த்தாள், அதற்கப்புறம் கத்தியைப் பற்றிப் பேசியதே இல்லை. மைதிலி சமையலறையில் ஏதாவது நறுக்கும்போது நான் ஹாலில் இருப்பேன். டிவி கிடையாது, ஃபேன் இரண்டில்தான் ஓடும். டக் டக் என்று சத்தம் வந்துகொண்டிருக்கும் வரைக்கும் சரி. சத்தம் நின்றால் எழுந்துவிடுவேன். என்னப்பா என்பாள். தண்ணி குடிக்க வந்தேங் கண்ணு என்பேன். குடிப்பேன். ஈரோட்டிலேயே என்னளவுக்குத் தண்ணீர் குடிக்கிறவன் கிடையாது.

"ஏனுங்ணா, இன்னும் முடிவு பண்ணலீங்களா?" அம்மிணி திரும்பி வந்துவிட்டாள். பென்சிலால் தலையைச் சொறிந்துகொண்டாள். நான் கறுப்புக் கல்லைத் தூக்கிக் காட்டினேன். "இது போதும்னு பாக்கறேங்க." "இது அரிவாளுக்கும் கொடுவாளுக்கும் ஆவுமுங்க. வீட்டுக் கத்தியத் தேச்சா ரம்பமாட்ட ஆயிரும், வெட்டாது." வெட்டாது. அந்தச் சொல் எவ்வளவு இதமாக இருக்கிறது. வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுத்த மாதிரி. "அப்ப அதே குடுங்க," என்றேன். அவள் கல்லைத் தரவில்லை. என்னைக் கஞ்சன் என்று நினைத்துவிட்டாள், குரலே மாறிவிட்டது, விலையைப் பார்த்துப் பயப்படும் வாடிக்கையாளருக்குப் பேசுகிற குரல். "வெள்ளைக்கல்லு உங்களுக்கு வேண்டாமுங்ணா, அது ஓட்டல்ல மீன் வெட்டறவங்களுக்கு, நம்ம வீட்டுக்குத் தண்டம். இந்த நடுக்கல்ல வாங்குங்க. உப்புத்தாள்ல சொரசொரப்பு, நைசுன்னு நம்பர் இருக்குதல்லங்க, அதே மாதரிதான். சாம்பல் பக்கம் நானூறு, மொண்ணையானதுக்கு உயிர் குடுக்கும். காவி பக்கம் ஆயிரம், மழமழன்னு முடிச்சுக் குடுக்கும். எண்ணெ வேண்டாம், தண்ணிலயே ஊறப்போட்டாப் போதும். உங்க கையகலத்துக்கு மேல ஒரு விரக்கடை நீளம் இருக்குது பாருங்க, அதுக்குக் கொறஞ்சா கத்தி ஓடறதுக்கு எடம் பத்தாது. பத்து வருசத்துக்கு வேற கல்லு வேண்டாமுங்க." பத்து வருஷம். பத்து வருஷத்தில் மைதிலிக்கு முப்பத்தாறு வயதாகும், எங்கே இருப்பாள், எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தச் சமையலறையில், பக்கத்து அறையில் யார் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார்கள்? எனக்கு அறுபத்தொன்பது. அவள் போகிற ஊருக்கெல்லாம் முன்னால் போய்க் கத்திகளை மழுங்கடித்துவிட்டு வர முடியுமா? ஒரு வீடு முடிந்ததும் அடுத்த வீடு, பையில் துவைக்கிற கல்லைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இறங்குகிற கிழவன் ஒருவனை ஒரு கணம் பார்த்தேன், அவனுக்குச் செருப்பு இல்லை, எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. என்னை அறியாமல் வாய் திறந்துகொண்டது. "அம்மிணி, இதுல ரொம்பக் கூர் வராத கல்லு எது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்ணா, பூட்டுக் கடைக்குப் போனா பூட்டாத பூட்டு எதுன்னு கேப்பீங்களாட்ட இருக்குது," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்தால் போச்சு. அப்போதுதான் என் விரல் கட்டைப் பார்த்தாள். "கத்தி பட்டுதுங்களா? மொண்ணைக் கத்தியா இருக்குமே." எப்படித் தெரியும் என்றேன். "கூரா இருந்தா நாம அமுத்தறதில்லீங்களே. மொண்ணைன்னாத்தான் அமுத்துவோம், அமுத்துனா எங்க வேண்ணாலும் போவும். பையில என்ன, கத்தி கொண்டாந்துட்டீங்களா? குடுங்க, தேச்சே காட்டறேன்." மஞ்சப்பையில் செய்தித்தாளில் சுற்றிக் கத்தியை எடுத்து வந்திருந்தேன், தேய்த்துப் பார்த்து வாங்குங்க என்று மைதிலிதான் கொடுத்தனுப்பினாள். அவள் கையிலிருந்து என் கைக்கு அந்தக் கத்தி வந்தபோது பிடி என் பக்கம் இருந்தது, கூர்ப்பக்கத்தை அவள் பிடித்திருந்தாள், கூர் இல்லாத கூரை. அம்மிணி ஒரு பேசினில் தண்ணீர் பிடித்து நடுக்கல்லை அதில் போட்டாள். கல் மூச்சு விடத் தொடங்கியது. சின்னச் சின்னக் குமிழி, ஒரு ஓரத்திலிருந்து, பிறகு நடுவிலிருந்து, வரிசை வரிசையாக மேலே வந்து சத்தமில்லாமல் உடைந்தன. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. புதுக் குழாயில் முதல் தண்ணீர் விடும்போது இப்படித்தான் காற்று வெளியேறும், அதுவரை அங்கே காற்று இருந்தது என்பதே அப்போதுதான் தெரியும். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மைதிலிக்கு ஏறிக்கொண்டிருந்த பாட்டிலிலும் குமிழி வந்தது, ஒவ்வொரு குமிழியாக எண்ணிக்கொண்டிருந்தேன், ஒவ்வொன்றும் மேலே போய்ச் சேரும் வரை நானும் மூச்சுவிடவில்லை. கல்லிலிருந்து முதல் மழைக்கு மண் விடுகிற வாசனை வந்தது. இந்தக் குமிழி நின்னாத்தான் கல்லு குடிச்சு முடிச்சுதுன்னு அர்த்தமுங்க என்றாள் அம்மிணி. கல்லுக்குக்கூடத் தாகம் ஒரு இடத்தில் நிற்கிறது.

கத்தியைப் பிரித்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, கூரை மேலே திருப்பிப் பார்த்தாள். "இங்க பாருங்ணா, கோடாட்ட வெள்ளையா மின்னுது பாருங்க. கூரான கத்தில வெளிச்சம் நிக்காது, வழுக்கிப் போயிரும். வெளிச்சம் உக்காந்திருந்தா மொண்ணைன்னு அர்த்தம்." பார்த்தேன். பதினான்கு மாதமாக நான் செய்து வைத்த வெளிச்சம், பிடியிலிருந்து முனை வரைக்கும் ஒரே கோடாக, பார்க்க அழகாகக்கூட இருந்தது. அவள் கட்டை விரலைக் குறுக்கே வைத்துத் தடவினாள். முகம் மாறியது. "இது வெட்டி வெட்டித் தேஞ்சதில்லீங்களே. ஆரோ கல்ல அறுத்தாப்டி இருக்குது. இப்படி ஆராச்சும் வேணும்னே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். என் கட்டுப் போட்ட விரலையும் கத்தியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குக் காது மடல் சுட்டது. குண்டு பல்பைத் திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றேன். "செரி, தேச்சர்லாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லை ஈரத்துணிமேல் வைத்துக் கத்தியைக் கொஞ்சமாகச் சாய்த்து இழுக்கத் தொடங்கினாள். ஸ்ஸ். ஸ்ஸ். என் காது தானாக நிமிர்ந்தது. ஐந்தடி ஆழத்தில் கேட்கிற அதே சத்தம், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே ரோட்டைத் தோண்டுவோம், கசிவை அடைப்போம். இங்கே அது எதையும் இழக்கிற சத்தமாக இல்லை. ஒவ்வொரு இழுப்பிலும் என்னுடைய ஒரு செவ்வாய்க்கிழமை போய்க்கொண்டிருந்தது. சாம்பல் சேறு கல்மேல் திரண்டது. நிறுத்துங்கள் என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். அப்போது சட்டைப்பையில் செல்போன் அடித்தது.

மைதிலி. "வாங்கிட்டீங்களாப்பா?" "பாத்துட்டு இருக்கறேங் கண்ணு. அறுபது ரூவாக்கி ஒண்ணு இருக்குது, அதே நம்மளுக்கு..." "அறுவது ரூவாய்க்கி வெட்டாதுப்பா." எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கடை வாசலுக்கு வந்து காற்றில் நின்றுகொண்டேன். தொங்கும் வாளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அந்தப் பக்கம் எங்கள் வீட்டு ஃபேன் சத்தம் கேட்டது, இரண்டில் ஓடுகிறது. "அப்பா, செவ்வாக்கெழமை மீட்டிங் ஒம்பதரைக்கே முடிஞ்சிருமுங்கப்பா," என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. மீட்டிங்குக்கும் சாணைக்கல்லுக்கும் என்ன? பிறகு மெதுவாக, கால் வழியாகக் குளிர் ஏறுகிற மாதிரி, புரிந்தது. "பத்தரை வரைக்கும்னு நீ..." "நீங்க முடிக்கற வரைக்கும் ரூம்லயே உக்காந்திருப்பேன். கர்ரு கர்ருன்னு கேக்கும். கழுவி மாட்டற சத்தம் கேட்டதுக்கப்புறந்தான் வெளிய வருவேன்." "ஏஞ் சாமி எங்கிட்டச் சொல்லல?" "சொன்னா நீங்க அப்புறம் என்னதான் பண்ணுவீங்க? அதப் பண்ணுனாத்தான் அன்னைக்குச் சாப்படறீங்க." வாளிகள் இடித்துக்கொண்டே இருந்தன. ரோட்டில் ஒரு பஸ் நின்றது, ஆள் இறங்கினார்கள், கிளம்பியது, நான் எதையும் பார்க்கவில்லை. என் மகளுக்குக் காவல் இருக்கிறேன் என்று நான் பின்கட்டில் குந்தியிருந்த அத்தனை செவ்வாயும், அவள் சாத்தின கதவுக்குப் பின்னால் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். என் காது அவளிடமும் இருக்கிறது என்பது எனக்கு ஏன் தோன்றாமல் போனது? "ஞாயித்துக்கெழம உங்க கையில ரத்தத்தப் பாத்ததும் எனக்கு ஒதறிருச்சுப்பா," என்றாள். "எனக்கோசரந்தான் அந்தக் கத்தி அப்படி இருக்குது. அது உங்கள வெட்டிருச்சு. இனி வேண்டாமுங்கப்பா. நல்ல கல்லா வாங்கிட்டு வாங்க." சரி கண்ணு என்றேன். அழக் கூடாது என்று அண்ணாந்து பார்த்தேன், மேலே ஒரு பச்சை வாளியின் அடிப்பாகம்தான் தெரிந்தது.

உள்ளே போனபோது அம்மிணி காவிப் பக்கத்தில் முடித்துக்கொண்டிருந்தாள். கழுவித் துடைத்து விளக்குக்கு நேராகக் கத்தியைத் திருப்பினாள். வெள்ளைக் கோடு இல்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தும் இல்லை, விளிம்பு எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு செய்தித்தாளை இரண்டு விரலில் தொங்கவிட்டு அதன்மேல் கத்தியை வைத்தாள், அமுக்கவே இல்லை, தாள் இரண்டாகி ஒரு பாதி தரையில் மெல்ல இறங்கியது. நடுக்கல்லையே போடுங்க என்றேன். "வீட்ல தேச்சுக்குவீங்களா?" "என்ற பொண்ணு தேச்சுக்குவா," என்றேன். சொல்லிவிட்டு நானே அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மிணி கத்தியைத் தாளில் சுற்றி, அதன்மேல் ஒரு அட்டையை மடித்து, சணலால் கட்டினாள். கல்லின் ஈரத்தைத் துடைத்தாள். பணத்தை வாங்கிக்கொண்டு, "நல்லபடியா இருங்ணா," என்றாள். சாணைக்கல் விற்கிற யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மஞ்சப்பையை மடியில் வைத்திருந்தேன். கல் கனமாக, ஈரமாக, வேட்டி வழியாகத் தொடையில் குளிர்ந்துகொண்டு இருந்தது, தூங்கிப்போன குழந்தையின் தலை மாதிரி. மைதிலி கைக்குழந்தையாக இருந்தபோது இதே பஸ்ஸில் இப்படித்தான் தூங்குவாள், எச்சில் வழிந்து சட்டை நனையும், நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். அப்போது என்னால் அவளுக்கு எல்லாவற்றையும் செய்ய முடிந்தது, அசையாமல் இருந்தாலே போதும், அவ்வளவுதான் கேட்டாள். காளிங்கராயன் வாய்க்கால் வந்தது. இறங்கிப் போய்ப் பையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, தொலைந்துபோச்சு கண்ணு என்று சொல்லலாம். தண்ணீரில் போட்டால் கல் குமிழி விடும், குடித்து முடிக்கும், வாய்க்காலின் அடியில் அந்தக் கத்தி யாரும் பார்க்காத கூரோடு கிடக்கும். இறங்க வேண்டுமா என்று கண்டக்டர் கேட்டார், எழுந்து நின்றிருந்தேன் போலிருக்கிறது. இல்லீங்க, இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்குது என்று உட்கார்ந்துகொண்டேன். வாய்க்கால் போய்விட்டது.

கதவைத் திறந்தவள் பையைத்தான் முதலில் பார்த்தாள். கல்லை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பி, முகர்ந்துகூடப் பார்த்தாள். "எவ்வளவுங்கப்பா?" "எரநூத்தி எம்பது." "பரவால்லியே," என்றாள். கத்திப் பொட்டலத்தை நான்தான் பிடித்திருந்தேன். அவள் கை நீட்டினாள். சட்டைக் கை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தது. இந்தப் பதினான்கு மாதமும் எவ்வளவு புழுக்கத்திலும் அவள் முழுக்கைதான் போடுவாள், மணிக்கட்டுவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பாள். இன்றைக்கு ஏற்றிவிட்டிருக்கிறாள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்பதைப் போல. நான் பார்த்தேன். கொடுத்தேன். கொடுக்கும்போது பிடி அவள் பக்கம் இருந்தது. சமையலறைக்குள் போனாள். நான் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன். சணலை அவிழ்க்கிற சத்தம். தாள். தட்டு. பிறகு மிச்ச அரசாணிக்காய், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாதியாக ஃப்ரிட்ஜில் இருந்தது. இதுவரை எங்கள் வீட்டில் கேட்டது டக் டக் என்கிற சத்தம், இது அதில்லை. இது சக், சக், சக் என்று லேசாக, தண்ணீரில் நடப்பது போல ஓடியது. அந்தச் சத்தத்தில் என் கண் சொக்கியது. கசியாத குழாய்க்குள் தண்ணீர் போகிற சத்தம் ஒன்று உண்டு, அதைக் கேட்டால் கம்பியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். சக், சக், சக்.

நின்றது.

என் கால் தரையை அழுத்திவிட்டது. பாதி எழுந்துவிட்டேன், கை நாற்காலியின் கையைப் பிடித்திருக்கிறது, தையல் போட்ட விரல் விண்ணென்று தெறிக்கிறது. ஒரு நொடி. இரண்டு நொடி. ஃபேன் சுற்றுகிறது. உள்ளே எதுவும் கேட்கவில்லை, முப்பத்தியோரு வருஷத்துக் காதை முழுக்கத் திறந்து வைத்தும் எதுவும் கேட்கவில்லை. தொண்டை காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பத்தடிதான். எழுந்து போய்ச் சொம்பை எடுத்தால் முடிந்தது. அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? கொஞ்சம் கொஞ்சமாக, தையல் வலிக்க வலிக்க, நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தேன்.

"அப்பா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தண்ணி வேணுங்களா?"

"வேண்டாங் கண்ணு," என்றேன். "தாகமில்ல."

சக், சக், சக்.